கேட்காமல் கிள்ளிய கொடி

அந்தக் காலத்தில் செடிகொடிகளுக்கும் வாய் இருந்தது. புளியமரம் எந்நேரமும் யாரையாவது குறை சொல்லிக்கொண்டிருக்கும். வாழை தன் கன்றுகளின் பெருமையைத் தவிர வேறு பேசாது. அருகம்புல்லுக்கு எதைச் சொன்னாலும் சிரிப்பு. தவளையும் பல்லியும் வீடு வீடாகப் போய் வம்பளந்தன. இப்படி எல்லாரும் ஓயாமல் பேசிக்கொண்டிருந்த உலகத்தில், அதிகம் பேசாத இரண்டு பேரின் கதை இது. ஒருத்தி பேச்சி என்ற பெண். இன்னொன்று ஒரு கொடி.

மலையடிவாரத்தில் சுனையடி என்று ஓர் ஊர். அங்கே சுனை வற்றாது. ஆனால் எப்போதோ ஒரு முறை, மூன்று வருடம் தொடர்ந்து மழை பொய்த்து, அந்தச் சுனையே வற்றிப்போனதாம். அப்போது வழிப்போக்கன் ஒருவன் ஒரு வாய் தண்ணீருக்காக வீடு வீடாக ஏறி இறங்கி, கடைசி வீட்டு வாசலில் விழுந்து செத்துப்போனான். பிறகு மழை வந்தது, சுனையும் ஊறியது. ஆனால் ஊருக்கு அந்த வாசல் மறக்கவில்லை. யார் வீட்டுக்கு யார் வந்தாலும், 'வாங்க' என்பதற்கு முன்னால் தண்ணீர்ச் செம்பை நீட்டவேண்டும் என்று முறை வைத்துக்கொண்டார்கள். வந்தவரும் அதைக் குடித்தே ஆகவேண்டும். 'வேண்டாம்' என்று சொன்னால் உறவு வேண்டாம் என்று பொருள். 'போதும்' என்று சொன்னால் கூச்சப்படுகிறார் என்று பொருள். இன்னொரு செம்பு வரும்.

பேச்சி இந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். அவள் பிறந்தது கரிசல் காட்டில். அங்கே தண்ணீரை எண்ணெய் மாதிரிப் பார்த்துப் பார்த்துச் செலவழிப்பார்கள். கல்யாணம் முடிந்து அவளும் கணவன் கொம்பையாவும் விருந்துக்குப் போனபோது, முதல் நாளில் மட்டும் பதினான்கு வீடு. பதினான்கு வீட்டிலும் செம்பு. ஒன்பதாவது வீட்டில் அவள் மெதுவாக, "போதும்" என்றாள். அந்த வீட்டுக்காரிக்கு ஒரே மகிழ்ச்சி. "புதுப்பொண்ணுக்கு வெட்கத்தைப் பாரு!" என்று இன்னும் இரண்டு செம்பு கொடுத்தாள். அன்று பேச்சி வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்தவள் மூன்று நாள் எழவில்லை. எழுந்த பிறகும் ஏன் படுத்தாள் என்று யாரிடமும் சொல்லவில்லை.

"பேருதான் பேச்சி," என்று கொம்பையா சிரிப்பான். "வாயைத் திறந்தா முத்து உதிர்ந்துரும்னு பயப்படுறா."

அவள் பேசமாட்டாளே தவிர, பார்ப்பாள். யார் வீட்டுக் கோழி எங்கே முட்டையிடுகிறது, எந்தக் குழந்தை தூங்குவதுபோல நடிக்கிறது, எந்த மேகம் சும்மா மிரட்டுகிறது என்றெல்லாம் அவளுக்குத் தெரியும். கேட்டால் சொல்வாள். கேட்கத்தான் ஆள் இல்லை.

அடுத்த வீடு கொம்பையாவின் அக்கா உலகம்மாளுடையது. இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். உலகம்மாளுக்குப் பெரிய உடம்பு, பெரிய குரல், அதைவிடப் பெரிய மனசு. ஊரிலேயே பெரிய செம்பும் அவளுடையதுதான். யாரிடமும் கைநீட்டி எதையும் வாங்கியதில்லை என்பது அவளுக்குள்ளே ஒரு பெருமை. "கொடுத்த கைட்டி இது. வாங்கிப் பழக்கமில்ல," என்பாள்.

அந்த வருடம் ஆடிக்காற்றில் காட்டில் ஒரு பெரிய வேங்கைமரம் சாய்ந்தது. விறகுக்குப் போன பெண்கள் அதைச் சுற்றி நின்று பார்த்துக்கொண்டிருந்தபோது, மரத்தின் அடியிலிருந்து மெல்லிய குரல் ஒன்று கேட்டது.

"நான் ஏறியிருந்த மரம் விழுந்துபோச்சு. ஒதுங்குவதற்கு எங்கேயாவது இடம் கிடைக்குமா?"

குனிந்து பார்த்தால் ஒரு கொடி. இலை ஒவ்வொன்றும் முறம் அகலம். பாதி நசுங்கிக் கிடந்தது. மற்ற பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். உலகம்மாள் மட்டும் சுமையைக் கீழே போட்டுவிட்டுக் கொடியைத் தோளில் தூக்கிக்கொண்டாள்.

"இடம் இருக்கான்னா கேக்குற? இந்தக் கேள்வியை எங்க ஊருல கேட்கவே கூடாது தாயி. வா."

வீட்டுக்கு வந்ததும் இருப்பதிலேயே கனமான, ஒரு கீறல்கூட இல்லாத தாழியை எடுத்து மண்ணை நிரப்பி, கூடத்து ஜன்னலோரம் கொடியை நட்டுவைத்தாள். அடுத்த காரியம் செம்பு. கொடி குடித்தது. "வயிறு நிறைஞ்சது அம்மா," என்றது.

"நல்லாச் சொன்ன போ. ஒரு செம்புலயா நிறையும்?" என்று உலகம்மாள் இன்னொன்று ஊற்றினாள்.

காட்டிலிருந்து விருந்தாளி வந்திருக்கிறது என்ற செய்தி ஊரெல்லாம் பரவிவிட்டது. பார்க்க வந்தவர்கள் ஆளுக்கொரு செம்பு ஊற்றினார்கள். காலையில் வந்தவர்கள் மாலையிலும் வந்தார்கள். வயலுக்குப் போகிறவர்கள் வழியில் எட்டிப் பார்த்து ஊற்றினார்கள். கொடி ஒவ்வொருவருக்கும் நன்றி சொன்னது. ஒவ்வொரு முறையும் கடைசியில், "போதும்," என்றது. அந்த ஊரில் அதற்கு என்ன பொருள் என்று அதற்கு எப்படித் தெரியும்?

எட்டாம் நாள் ஒரு தவளை தாழிக்குள் குடிவந்தது.

பேச்சி தினமும் மாவரைக்க மதினி வீட்டுக்குத்தான் வருவாள். இரண்டு வீட்டுக்கும் பொதுவாக ஓர் ஆட்டுக்கல், அது உலகம்மாள் வீட்டுக் கூடத்தின் ஓரத்தில் இருந்தது. கை குழவியைச் சுற்றினாலும் கண் ஜன்னலோரம் இருக்கும். முதலில் அடியிலை ஒன்று மஞ்சளானது. பிறகு இரண்டு. பிறகு தண்டின் அடிப்பக்கம் கறுத்து, பூசணிக்காய் அழுகினால் வருமே, அப்படி ஒரு வாடை.

"மஞ்சளாப் போகுதே! தாகம் எடுக்குது பாவம்," என்று உலகம்மாள் செம்பைத் தூக்கினாள்.

நடுவில் உலகம்மாள் ஒரு கல்யாணத்துக்காக வெளியூர் போய் நான்கு நாள் வீடு பூட்டிக் கிடந்தது. பேச்சி சுனைக்குப் போகும்போதும் வரும்போதும் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். மூன்றாம் நாள் தாழி மண் கொஞ்சம் வெளுத்திருந்தது. தவளை ஜன்னல் கட்டையில் உட்கார்ந்து சலித்துக்கொண்டிருந்தது. கொடியின் நுனியில் ஒரு புதுத் தளிர், சுருட்டிய ஓலை மாதிரி, வெளியே வந்திருந்தது. ஐந்தாம் நாள் உலகம்மாள் வந்தாள். 'நாலு நாளாப் பட்டினி போட்டுட்டேனே' என்று கண்ணைத் துடைத்துக்கொண்டே நான்கு நாள் தண்ணீரையும் ஒரே வேளையில் ஊற்றினாள். மறுநாள் அந்தத் தளிர் பழுப்பாகி உதிர்ந்து கிடந்தது.

பேச்சி மாவை அப்படியே விட்டுவிட்டு எழுந்து வந்து தாழியருகே குனிந்தாள். "தண்ணிதானே?" என்று மட்டும் கேட்டாள்.

"தண்ணிதான்," என்றது கொடி. "என் வேர் மூச்சு விட்டு எத்தனையோ நாளாகிறது பேச்சி. நீ ஒருத்திதான் கேட்டாய்."

"எனக்கு இது சொர்க்கம்," என்றது தவளை, சேற்றிலிருந்து தலையை நீட்டி. "கொடிக்குத்தான் ஒத்துக்கல. நான் என்ன செய்ய?"

"நீங்க சொல்லலாமே, மதினிகிட்ட?" என்று பேச்சி கொடியைக் கேட்டாள்.

"சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். தினமும் நூறு தடவை 'போதும்' என்கிறேன்."

பேச்சிக்கு அந்த ஒன்பதாவது வீடு நினைவுக்கு வந்தது. போய் மாவை அள்ளினாள்.

அன்று சாயங்காலம் உலகம்மாள் வாசலில் பெண்கள் கூடியிருந்தார்கள். கொடியைப் பற்றித்தான் பேச்சு. பேச்சி இரண்டு முறை வாயைத் திறந்து மூடினாள். மூன்றாவது முறை திறந்தபோது சொல் வந்துவிட்டது.

"மதினி... தண்ணி கூடிப்போச்சோ என்னமோ."

எல்லாரும் திரும்பினார்கள்.

"என்னட்டி சொன்ன?" என்றாள் ஒருத்தி. "தண்ணி கூடுமா? தண்ணி எப்படிட்டி கூடும்?"

"கரிசக்காட்டுக்காரிக்கு ஊத்துறதைப் பார்த்தா வயிறு எரியுது போல," என்றாள் இன்னொருத்தி. சிரிப்பு எழுந்தது.

உலகம்மாள் சிரிக்கவில்லை. "ஏட்டி பேச்சி, இந்த ஊருல தண்ணி கொடுக்காமச் செத்தவன் உண்டு. தண்ணி கொடுத்துச் செத்தவன் இல்ல. இன்னொரு தடவை அந்தப் பேச்சை எடுக்காதே," என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதுதான் பேச்சிக்கு அதிகம் வலித்தது.

பிறகு உலகம்மாள் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள். "என் வீட்டுக்கு வந்த விருந்தாளி வாடிப்போச்சுன்னு ஊர் பேசக் கூடாது. நாளை மறுநாள் வெள்ளிக்கிழமை. வீட்டுக்கு ஒரு குடம் சுனைத்தண்ணி எடுத்தாங்க. எல்லாருமாச் சேர்ந்து ஊத்துவோம். பிழைச்சுக்கும்."

முப்பது வீடு. முப்பது குடம். பேச்சி எழுந்து வீட்டுக்குள் போய்விட்டாள்.

மறுநாள் உச்சிவெயில் நேரம். சோறு தின்றுவிட்டு உலகம்மாள் கூடத்தில் தலைக்குக் கையை வைத்துப் படுத்திருந்தாள். குறட்டை சுவரைத் தாண்டிக் கேட்டது. பேச்சி ஓசைப்படாமல் வந்து தாழியருகே உட்கார்ந்தாள்.

"உங்களை எங்க வீட்டுக்குக் கொண்டுபோயிரட்டுமா? மதினி எழுந்ததும் கேட்குறேன்."

"கேட்காதே," என்றது கொடி.

"ஏன்?"

"கேட்டால் தருவாள். இரண்டு கையாலும் தூக்கித் தருவாள். அவளைவிடக் கொடுக்க மனசுள்ளவள் யார்? ஆனால் கொடுத்தவளுக்கு வந்து பார்க்க உரிமை உண்டு. தினமும் வருவாள். செம்போடு வருவாள். ஊரும் பின்னாலேயே வரும்."

பேச்சி யோசித்தாள். அது சரிதான்.

"அடி முழுக்க அழுகிப்போச்சு. இனி நான் நகர முடியாது," என்றது கொடி. "ஆனால் எங்கள் உயிர் ஒரே இடத்தில் இருப்பதில்லை பேச்சி. கணுவுக்குக் கணு இருக்கிறது. நுனிப்பக்கம் நான்காவது கணுவைப் பார். சின்னதாக ஒரு முளை இருக்கும், மரு மாதிரி. அதற்குக் கீழே கிள்ளு. அங்கே நான் இருப்பேன்."

"கேட்காம எடுத்தா அது திருட்டு."

"ஆமாம்," என்றது கொடி. பொய் சொல்ல அதற்குத் தெரியாது.

பேச்சி பிறந்ததிலிருந்து அடுத்தவர் வீட்டுக் கறிவேப்பிலையைக்கூடத் தொட்டதில்லை. பிடிபட்டால் என்ன நடக்கும் என்பதை அவள் நன்றாகவே பார்த்தாள்: வாசலில் நிற்கும் பெண்கள், கரிசல்காட்டுத் திருடி என்ற பேர், தலை குனிந்த கொம்பையா. இதையெல்லாம் பார்த்தபடியே அவள் விரல் நான்காவது கணுவைத் தேடியது. முளை தட்டுப்பட்டது. நகத்தால் அழுத்தினாள். 'டக்'கென்று ஒரு சத்தம்.

குறட்டை நின்றது.

பேச்சி கொடித்துண்டை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டு மூச்சை அடக்கி நின்றாள். உலகம்மாள் புரண்டு படுத்தாள். குறட்டை மறுபடி தொடங்கியது.

"நான் எதையும் பார்க்கல," என்றது தவளை.

வீட்டுக்கு வந்த பிறகுதான், எங்கே வைப்பது என்ற கேள்வி வந்தது. வருகிறவர்கள் கண்ணில் படாத இடம் வேண்டும். அடுக்களையில் விறகு அடுக்கும் மூலைக்கு மேலே ஒரு சின்னப் பலகணி இருந்தது. அதன் பக்கத்தில் வெயில் நேராக விழாது. வெளிச்சம் மட்டும் சாய்வாக எட்டிப்பார்க்கும். கொம்பையாவும் அடுக்களைக்குள் வருவதில்லை. அதுதான் தோதான இடம். நல்ல பானையில் நட்டால் 'பானையில் என்ன?' என்று யாராவது எட்டிப் பார்ப்பார்கள். சுனையடியில் யாரும் ஏறெடுத்தும் பார்க்காத பானை ஒன்று உண்டு. அது ஓட்டைப்பானை. தண்ணீர் நிற்காத பானையைத் தொடுவதுகூட அவர்களுக்கு அபசகுனம். அடியில் துளை விழுந்து கொல்லையில் கிடந்த ஒரு பானையை எடுத்து, கொஞ்சம் மண்ணும் மணலும் உமிச்சாம்பலும் போட்டு, துண்டை அதில் ஊன்றினாள்.

வெள்ளிக்கிழமை முப்பது குடம் வந்தது. பேச்சியும் ஒரு குடத்தோடுதான் போகவேண்டியிருந்தது. குலவையிட்டு ஊற்றினார்கள். தாழி நிரம்பி, கூடம் நனைந்து, வாசல்படி வரை தண்ணீர் ஓடியது. மூன்றாம் நாள் கொடி தாழியின் மேல் களிபோலக் கிடந்தது. தவளைக்கே வாடை தாங்கவில்லை. போய்விட்டது.

ஆனால் விறகு மூலையில், நான்கு கணுத் துண்டு ஒன்று மெல்லக் கண் விழித்தது.

"இருக்கீங்களா?" என்று பேச்சி கிசுகிசுத்தாள்.

"இருக்கேன்."

தண்ணீர் ஊற்றுகிற சத்தம் அடுத்த வீட்டுக்குக் கேட்டுவிடுமோ என்று அவளுக்குப் பயம். அதனால் முதலில் விரலை மண்ணுக்குள் இரண்டு கணு ஆழம் விட்டுப் பார்ப்பாள். ஈரம் இருந்தால் அன்றைக்குத் தப்பித்தோம் என்று விட்டுவிடுவாள். விரலில் மண் ஒட்டாமல் உதிர்ந்தால்தான் உள்ளங்கைக் குழியில் அள்ளி ஒரு சிரங்கைத் தண்ணீர் விடுவாள். கூடினது ஓட்டை வழியாக ஒழுகிவிடும். அடுப்புப் புகை இலையில் படிந்தால் ஈர முந்தானையால் துடைத்துவிடுவாள். இப்படி அரைப்பட்டினியும் அரைவெளிச்சமுமாக, கொடி வளர்ந்தது.

ஒரு நாள் கொடி சொன்னது: "பேச்சி, என் இலை முறம் மாதிரி ஆகிற ஜாதி. அப்படி ஆனால் இந்த மூலையில் மறைக்க முடியாதே."

"அதைத்தான் நானும் யோசிச்சேன்."

"சரி. உன் உள்ளங்கையைக் காட்டு." அவள் நீட்டினாள். "இந்த அளவோடு நிறுத்திக்கொள்கிறேன். மரம் கிடைத்தால் பிறகு பார்க்கலாம்."

இன்னொரு நாள், "பூ வைக்கிற பருவம் வருகிறது. பூத்தால் யாராவது தேடி வருவார்கள். பூக்காமலே இருந்துவிடுகிறேன்," என்றது. பேச்சிதான் வருத்தப்பட்டாள். கொடிக்கு அப்படி ஒன்றும் பெரிய வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை.

மூன்றாவதாகக் கொடி விட்டுக்கொடுத்ததுதான் கடினமானது. ஒரு மத்தியானம் கொம்பையா நினைக்காத நேரத்தில் வயலிலிருந்து வந்துவிட்டான்.

"ஏட்டி, உள்ளே யாருகூடப் பேசிட்டிருக்க?"

"பல்லி," என்றாள் பேச்சி.

"நானா?" என்றது மேல்சுவரில் இருந்த பல்லி. "நான் வாயே திறக்கலையே!"

கொம்பையா சிரித்துக்கொண்டே கால் கழுவப் போய்விட்டான். ஆனால் கொடிக்கு அது சரியாகப் படவில்லை.

"இலையைச் சிறுசாக்கிட்டேன், பூவை விட்டுட்டேன். இந்தப் பேச்சு ஒன்றுதான் பாக்கி. இதுவும் காட்டிக்கொடுத்துவிடும். இன்றோடு நிறுத்திவிடுகிறேன்."

"அப்போ எனக்கு எப்படித் தெரியும், உங்களுக்கு என்ன வேணும்னு?"

"நீதான் பார்க்கத் தெரிந்தவள் ஆயிற்றே. இலை துவண்டால் தாகம். மஞ்சளானால் கூடிப்போச்சு. இரண்டும் இல்லையென்றால் நன்றாக இருக்கிறேன்."

அந்த ஊரில் பேச்சி மனம்விட்டுப் பேசிய ஒரே துணை அது. "கடைசியா ஏதாவது சொல்லுங்க," என்றாள்.

"நீ பேசு," என்றது கொடி. "வீட்டுக்கு ஒருத்தராவது பேசவேண்டாமா?"

அதற்குப் பிறகு அது பேசவில்லை.

இதற்கிடையில் அடுத்த வீட்டில் ஒரு மாற்றம். செம்புச் சத்தம் கேட்கவில்லை. முதலில் பேச்சி கவனிக்கவில்லை. ஓயாமல் கேட்கிற சத்தம் நின்றால் கொஞ்ச நாள் கழித்துத்தானே உறைக்கும்? பிறகு மாவரைக்கப் போனபோது பார்த்தாள். செம்பு பரணில் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. உலகம்மாள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். முகம் பாதியாகியிருந்தது.

"என் கையில ஏதோ தோஷம் இருக்குட்டி," என்றாள் திரும்பாமலே. "முப்பது வீட்டுத் தண்ணியும் குடிச்சு ஒரு உயிர் என் வீட்டுல செத்துச்சு. இனி இந்தக் கையால யாருக்கும் தண்ணி கொடுக்க மாட்டேன்."

அன்று உச்சிவேளையில் வெயிலில் நடந்து வந்த உப்பு வியாபாரி ஒருவன் அவள் வாசலில் நின்று, "தாயி, தண்ணி," என்றான். உலகம்மாள் எழுந்தாள். வாசல்வரை வந்தாள். பிறகு கதவைச் சாத்திக்கொண்டாள்.

அந்த வழிப்போக்கன் செத்த பிறகு, சுனையடியில் அன்றுவரை தண்ணீர் கேட்டவன் முகத்தில் யாரும் கதவைச் சாத்தியதில்லை. வியாபாரிக்குப் பேச்சிதான் ஓடிவந்து தண்ணீர் கொடுத்தாள். அவன் குடித்துவிட்டுப் போனான். சுவருக்கு அந்தப் பக்கம் உலகம்மாள் வாயில் துணியை வைத்துக்கொண்டு அழுவது பேச்சிக்குக் கேட்டது.

அவள் அடுக்களையில் போய் நின்றாள். கொடி இப்போது ஐந்து முழம் வளர்ந்து, விறகுக் கட்டைச் சுற்றிக்கொண்டு கிடந்தது. அதைக் காட்டினால் அவள் திருடி. காட்டாவிட்டால் மதினியின் கதவு திறக்காது. கொடியைப் பார்த்தாள். இலை துவளவும் இல்லை, மஞ்சளாகவும் இல்லை.

பேச்சி அடுத்த வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டினாள். "மதினி, கொஞ்சம் எங்க வீட்டுக்கு வாங்க."

"வரலட்டி."

"வாங்க மதினி. உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

பேச்சி ஒன்று சொல்லவேண்டும் என்கிறாளா? அந்த ஆச்சரியத்திலேயே உலகம்மாள் எழுந்து வந்தாள். அடுக்களைக்குள் நுழைந்தவள் அப்படியே நின்றாள். இலை சின்னது. பானை ஓட்டை. ஆனால் அந்த இலையின் சாயலும் நுனியின் வளைவும் அவளுக்குத் தெரியாதா? அவள் தோளில் சுமந்து வந்தது அல்லவா?

"இது..."

"அதுதான். நீங்க தூங்கும்போது நான் கிள்ளிட்டு வந்தேன். கேட்கல." பேச்சியின் குரல் நடுங்கியது. ஆனால் நிற்கவில்லை. "திருடித்தான் கொண்டுவந்தேன் மதினி."

உலகம்மாள் கொடியைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள், மறுபடி கொடியைப் பார்த்தாள். முதலில் கோபம் வந்தது, பிறகு அது எங்கேயோ போனது. கடைசியில் மெதுவாகக் கேட்டாள்.

"அப்போ நான் ஊத்தின தண்ணிதான் அதைக் கொன்னுச்சா?"

"அது தினமும் போதும்னு சொல்லிச்சு மதினி. நாம கூச்சம்னு நினைச்சோம்." கொஞ்சம் நிறுத்தி, "நானும் சொல்லிப் பார்த்திருக்கேன், விருந்துக்கு வந்தப்போ. மூணு நாள் படுத்திருந்தேன்," என்றாள்.

உலகம்மாளுக்கு அது நினைவுக்கு வந்தது. புதுப்பெண்ணுக்கு மேலுக்கு முடியவில்லை என்று கேள்விப்பட்டு, பார்க்கப் போய், ஒரு செம்பு மோர் குடிக்கவைத்துவிட்டு வந்தவள் அவள்தான். நெற்றியில் அடித்துக்கொண்டாள். பிறகு கண்ணீரோடு, ஆனால் மனசு நிறைந்து, கொடியின் பக்கத்தில் உட்கார்ந்தாள். "பிழைச்சுக் கிடக்கியா தாயி," என்றாள். கொடி பேசவில்லை. பழக்கம் யாரை விட்டது? அவள் கை தானாகவே பக்கத்திலிருந்த தண்ணீர்ச் செம்பை எட்டியது.

பேச்சி அந்தக் கையின் மேல் தன் கையை வைத்தாள்.

"வேண்டாம் மதினி."

சுவரில் இருந்த பல்லிகூட அசையவில்லை. தண்ணீர்ச் செம்புக்கு முன்னால் அந்தச் சொல்லை அந்த ஊரில் அன்றுதான் ஒருத்தி சொன்னாள்.

"விரலை விட்டுப் பாருங்க," என்றாள் பேச்சி.

உலகம்மாள் விட்டுப் பார்த்தாள். "ஈரமா இருக்கு."

"அப்போ இன்னைக்கு வேண்டாம்."

உலகம்மாள் செம்பைக் கீழே வைத்தாள். அது அவளுக்கு எவ்வளவு கடினமாக இருந்தது என்பது அவள் முகத்தில் தெரிந்தது. கொஞ்ச நேரம் இலைகளைத் தடவிக்கொண்டிருந்தாள். அப்புறம் தொண்டையைச் செருமினாள்.

"ஏட்டி பேச்சி... இதுல ஒரு துண்டு..."

"கேட்காதீங்க மதினி," என்றாள் பேச்சி அவசரமாக. "கேட்டு வாங்கினா, 'பேச்சி கொடுத்தா'ன்னு ஊர் முழுக்கத் தெரியும். எல்லாரும் பார்க்க வருவாங்க. சும்மா வருவாங்களா? செம்போட வருவாங்க. ஒளிச்சுவச்சாத்தான் இது பிழைக்கும்."

"அதுக்கு?"

பேச்சி எழுந்தாள். "உலை கொதிக்குதுன்னு நினைக்கேன்," என்று சொல்லிவிட்டு, அடுப்புப் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். அடுப்பில் நெருப்பே இல்லை.

அவளுக்குப் பின்னால் வெகுநேரம் ஒரு சத்தமும் இல்லை. கொடுத்தே பழகிய கை, யாரிடமும் வாங்காத கை, அங்கே என்ன பாடு பட்டதோ! பிறகு 'டக்'கென்று ஒரு சத்தம்.

"வாரேன்ட்டி," என்றாள் உலகம்மாள். குரல் ஒரு மாதிரி இருந்தது. முந்தானையை மார்போடு இறுக்கிப் பிடித்துக்கொண்டு, அந்தப் பெரிய உடம்பைப் பூனைபோல ஒடுக்கி, இரண்டு பக்கமும் பார்த்துப் பார்த்துத் தன் வீட்டுக்குள் நுழைந்தாள். கொல்லைப்பக்கம் பானைகள் உருளும் சத்தம் கேட்டது. ஓட்டைப்பானை தேடுகிறாள்! பேச்சிக்குச் சிரிப்பு வந்தது. வாயைப் பொத்தினாள், முடியவில்லை. வயலிலிருந்து வந்த கொம்பையா, தன் மனைவி தனியாக அடுக்களையில் நின்று வாய்விட்டுச் சிரிப்பதைக் கண்டு வாசலிலேயே நின்றுவிட்டான்.

மறுநாள் உலகம்மாள் வீட்டுப் பரணிலிருந்து செம்பு இறங்கியது. வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தாள். ஒரு செம்பு முடிந்ததும், "இன்னும் கொஞ்சம்?" என்று கேட்டாள். "போதும்" என்றால், ஒரு கணம் அவர்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, நிறுத்திக்கொண்டாள்.

கொடி அவள் வீட்டிலும் நன்றாக வளர்ந்தது. அவள் வீட்டிலிருந்து யாரோ ஒருத்தி கிள்ளிக்கொண்டு போனாள். அந்த ஒருத்தியின் வீட்டிலிருந்து இன்னொருத்தி. எல்லாரும் மூலையில் ஒளித்தார்கள். எல்லாரும் விரலை விட்டுப் பார்த்தார்கள். யாரும் யாரிடமும் கேட்கவில்லை. அந்தக் கொடிக்கு இப்போது நாம் மணி பிளான்ட் என்று பேர் வைத்திருக்கிறோம். வீட்டுக்குள் அதன் இலை உள்ளங்கை அளவில்தான் நிற்கும். தோட்டத்தில் ஒரு மரம் கிடைத்தால்தான், இனி ஒளிய வேண்டாம் என்று, பழையபடி முறமாக விரியும். பூக்காது. பேசாது. தாகமென்றால் துவளும், கூடினால் மஞ்சளாகும்.

அன்றைக்குப் பேச்சி அடுப்பைப் பார்த்துத் திரும்பி நின்றாளே, அன்று முதல்தான், மணி பிளான்ட்டைக் கேட்டு வாங்கினால் தழைக்காது, சொல்லாமல் கிள்ளி வந்தால்தான் தழைக்கும் என்ற பேச்சு வந்தது. அன்று முதல்தான், வந்த விருந்தாளியின் கண் ஜன்னலோரத்துக் கொடியில் கொஞ்சம் அதிக நேரம் நின்றால், வீட்டுக்காரி, "அடுப்பில் பால் வெச்சிருக்கேன், பார்த்துட்டு வந்துடுறேன்," என்று உள்ளே எழுந்து போகிறாள்.